பைலட் பசியாறிட்டாரா?

விமானம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை, “பைலட் பசியாறிட்டாரா?” என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுத்த ஒரே மனிதர் எங்கள் லூனாஸ் ஓட்டி அண்ணன்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். ஏனென்றால் அந்த டிக்கெட்டை அவருக்கு விற்றவன் நான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை அவருடைய அடையாள அட்டையில் மட்டுமே பார்க்கலாம். எங்கள் ஊரான லூனாஸிலிருந்து கூலிம் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டினார். அதனால்தான் ஓட்டி என்று நினைத்தால் பாதிதான் சரி. ஓவர்டைமை எங்கள் பக்கம் சுருக்கி ‘ஓட்டி’ என்போம். “இந்த மாசம் ஓட்டி இருக்கா?” என்று ஊரே ஏங்கிக்கொண்டிருந்தபோது, எனக்கு ஓட்டி வேண்டவே வேண்டாம் என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த ஒரே டிரைவர் அவர். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வழுக்கைத் தலையரைச் சுருட்டை என்று கூப்பிடுகிற ஊர் எங்களுடையது.

ஒரு காலத்தில் அவரும் ஓட்டிக்கு அலைந்தவர்தான். அப்படி ஒருமுறை இரண்டு ஷிப்டைச் சேர்த்து ஓட்டியபோது, பஸ்ஸைச் சாலையிலிருந்து இறக்கிச் செம்பனைக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நிறுத்தியது ஒரு செம்பனை மரம். உள்ளே இருந்த நாற்பது பெண்களில் ஒருத்திக்கும் கீறல்கூட இல்லை. அவர்கள் போட்ட கூச்சலில்தான் அண்ணன் கண்விழித்தாராம்.

அன்றிலிருந்து கண் செருகினால் போதும், பஸ்ஸை ஓரங்கட்டுவார். போனில் அலாரம் வைப்பார். இருபது நிமிடம் குறட்டை விடுவார். பின்னால் இருந்து பெண்கள் கத்துவார்கள்.

“அண்ணே, ஷிப்டுக்கு லேட்டாவுது லா! சூப்பர்வைசர் திட்டுவாரு!”

“லேட்டாப் போனா திட்டுவாரு. நான் தூங்கிக்கிட்டே ஓட்டினா, திட்டு வாங்க யாரும்மா மிச்சம் இருப்பா?”

நாளடைவில் பெண்களுக்கும் பழகிவிட்டது. அந்த இருபது நிமிடத்தில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பசியாறிவிடுவார்கள். ஒருத்தி அதே நேரத்தில் ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னி முடித்தாள் என்றும் ஒரு பேச்சு உண்டு. இந்த வெயிலில் அதை யார் போட்டார்கள் என்பதுதான் தெரியவில்லை.

அப்போது நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். விமானத் தொழிலில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பிய காலம். நம்பியவன் நான் ஒருவன்தான். அதுவரை இரண்டே முறைதான் விமானம் ஏறியிருந்தேன், இரண்டு முறையும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

ஓட்டி அண்ணன் ஒருநாள் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். திருச்சிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் அவருடைய ஒரே மகள் படிப்பை முடித்திருந்தாள். பட்டமளிப்பு விழாவுக்குப் போகவேண்டும். அலோர் ஸ்டாரிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து இரவு விமானத்தில் திருச்சி என்று நான் போட்டுக் கொடுத்த டிக்கெட்டைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார்.

“தம்பி, மேல ஒரு கம்பெனி பேரு இருக்கு. கீழ சின்னதா வேற கம்பெனி பேரு இருக்கு. இதுல பிளேன் ஓட்டப் போறது யாரு?”

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். “அது பார்ட்னர்ஷிப்புண்ணே. இவங்க டிக்கெட் விப்பாங்க, அவங்க பறப்பாங்க. உலகம் பூரா இப்ப அப்படித்தான்.”

“அப்ப பைலட்டுக்குச் சம்பளம் குடுக்கிறது யாரு?”

இந்தக் கேள்வியை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. “ரெண்டு பேரும் சேந்து குடுப்பாங்க” என்று அடித்துவிட்டேன்.

“பிளேன் கெட்டுப்போனா?”

“மாத்து விமானம் வரும்ணே. மூணாவதா ஒரு கம்பெனி. பைலட்டோட சேத்து வாடகைக்கு எடுப்பாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எங்க பஸ்ஸும் அதே கதைதான் லா. பஸ் படுத்துக்கிச்சுன்னா வெளி பஸ்ஸ டிரைவரோட பிடிப்பாங்க. அந்த டிரைவர் காலையிலேயே வேற ஒரு டிரிப் அடிச்சிட்டுத்தான் வருவான். பஸ் வந்துச்சான்னு கேக்க நூறு பேரு. அவன் தூங்கினானா, பசியாறினானான்னு கேக்க ஒரு ஆளு கிடையாது.”

ஒரு வருடமாக நான் மனப்பாடம் செய்தும் விளங்காத தொழிலை அவர் நாலு வரியில் சொல்லி முடித்துவிட்டார். பிறகு சர்வசாதாரணமாகக் கேட்டார்.

“நம்ம பைலட் பசியாறிட்டாரான்னு ஒரு போன் போட்டுக் கேளேன்.”

“அண்ணே! பிளைட்டுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு!”

“அப்ப அன்னிக்கு நீயே ஏர்போர்ட்டுக்கு வந்து கேளு. டிக்கெட் வித்தவன் பிளேன் கிளம்புற வரைக்கும் நிக்கணும், அதுதான் முறை.”

அண்ணி ஒரு வாரம் முன்னாடியே மகளிடம் போய்விட்டார். அண்ணன் மட்டும் விழாவுக்கு முதல்நாள்தான் கிளம்பினார். காரணம், அவருக்குப் பதிலாக பஸ் ஓட்டவேண்டிய டிரைவர் இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் சாவியைக் கொடுப்பேன் என்று நின்றதுதான். “பொண்ணு டாக்டராவுறதவிட அவன் தூக்கம் பெருசாப் போச்சா?” என்று அண்ணி போனில் பொரிந்து தள்ளினாராம்.

சொன்னபடி நானும் அன்று காலை அலோர் ஸ்டார் விமான நிலையத்துக்குப் போனேன். அண்ணன் புதுச் சட்டையில், மடிப்புக் கோடுகள்கூட மறையாமல் நின்றார். பத்து மணிக்குக் கிளம்பவேண்டிய விமானம் கோளாறு என்று படுத்துக்கொண்டது. மாற்று விமானத்துக்கு ஏற்பாடு நடக்கிறது என்று அறிவித்தார்கள். “பாத்தீங்களாண்ணே, நான் சொன்னேன்ல?” என்று, அந்த விமானத்தை நானே வீட்டில் செய்து வைத்திருந்ததுபோலப் பெருமைப்பட்டேன்.

அண்ணன் யோசித்தார். “தம்பி, நான் இப்பவே ஒரு காடி பிடிச்சு கோலாலம்பூருக்குப் போயிடறேன். அஞ்சு மணி நேரம்தான். திருச்சி பிளேன பிடிச்சிரலாம்.”

“காடியா? வாடகைக் காரெல்லாம் எதுக்குண்ணே? நான் இருக்கேன்ல! ரெண்டு மணிக்கு மாத்து விமானம் வந்துரும். எழுதி வச்சுக்குங்க.”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உண்மையாகவே எழுதி வைத்துக்கொண்டார்.

அன்று நான் வாயை மூடிக்கொண்டு ஒரு டாக்சியைக் கூப்பிட்டிருந்தால் போதும். அவர் நேரத்துக்குத் திருச்சி போய்ச் சேர்ந்திருப்பார். எனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு அவர் மகளின் விழா பலியாகப்போகிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு மணிக்கு வரவேண்டியது நாலு மணிக்கு வந்தது. பெயரே எழுதாத வெள்ளை விமானம். வந்த கையோடு வானம் இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. மழை விட்டபோது மணி ஐந்தரை. உள்ளே போன பயணிகளையெல்லாம் திரும்ப வெளியே அனுப்பினார்கள். விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டது, நாளை மதியம் இரண்டு மணிக்குத்தான் விமானம் கிளம்பும் என்றார்கள். இனி எந்தக் காரும் அண்ணனைத் திருச்சி விமானத்தில் சேர்க்காது. விழா மறுநாள் காலையில்.

கூட்டம் கொதித்தது. எல்லாரையும்விட அதிகமாகக் கொதித்தவன், டிக்கெட்டே இல்லாத நான். “ஒரு மணி நேரம் பறக்க என்ன தூக்கம் வேண்டிக்கிடக்கு?” என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கத்தினேன். மூன்றிலும் இலக்கணப் பிழையோடு. உள்ளுக்குள் எனக்குப் பயம். விமானி தப்பு செய்தவராக இருந்தால்தான் நான் தப்ப முடியும்.

அப்போது விமானிகள் இருவரும் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். முன்னால் வந்த கேப்டன் நடுவயது மலாய்க்காரர். நான் போய் அவருக்குக் குறுக்கே நின்றேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள்.

“வழிய விடு தம்பி.” ஓட்டி அண்ணன்.

“அண்ணே, உங்க மகளுக்காகத்தான் லா பேசறேன்!”

“எம் மகளுக்காகவா பேசற? அவரு கண்ணப் பாத்துட்டுப் பேசு.”

பார்த்தேன். மிளகாய்ப்பழம்போலச் சிவந்திருந்தது. அண்ணன் மலாயில், “கெப்டன், சூடா மாக்கான்?” என்று கேட்டார். சாப்பிட்டாச்சா என்று. கேப்டன் ஒரு கணம் திகைத்தார். காலையிலிருந்து அவர் காதில் விழுந்த வசவுகளுக்கு நடுவே இது புதிதாக இருந்திருக்கும். “பெலும், பாக்சிக்” என்றார், இன்னும் இல்லை மாமா என்று. விடியுமுன் வேலைக்கு வந்தவர், இது நான்காவது ஊர் என்றார்.

அண்ணன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது மற்ற வண்டிகளை நிறுத்துவதுபோல இரண்டு கைகளையும் விரித்தார்.

“நாளைக்குக் காலையில எம் மக டாக்டர் பட்டம் வாங்குறா. நான் பாக்க முடியாது. எனக்கு இல்லாத அவசரம் இங்க யாருக்குங்க? முடியாதப்ப முடியாதுன்னு சொல்றாரு பாருங்க, இந்த மனுசன நம்பி நாளைக்கு நான் ஏறுவேன்.”

கூட்டம் விலகி வழிவிட்டது. அண்ணன் கேப்டனைக் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தியை வழியனுப்புவதுபோல வேன் வரைக்கும் கூட்டிப்போனார். தன் பையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தையும் கொடுத்தார். கேப்டன் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.

நான் அவரிடம் போனேன். “அண்ணே, நீங்க அப்பவே காடியில போயிருக்கலாம். நான்தான்…”

“விடு லா. உனக்கும் காலையிலேர்ந்து ஒண்ணும் உள்ள போகல. வா, தேத்தண்ணி குடிப்போம்.”

கடையில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். சிரித்துச் சிரித்துப் பேசினார். போனை வைத்ததும் புதுச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்தார். நான் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு துண்டுகூட வாய்க்குள் போகவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த மனுசனுக்குத் திட்டவும் தெரியவில்லை.

மறுநாள் யாரும் கூப்பிடாமலே விமான நிலையத்தில் போய் நின்றேன். அங்கே காலை ஒன்பதரை என்றால் இங்கே உச்சி வேளை. அண்ணி விழா மண்டபத்திலிருந்து வீடியோவில் வந்தார். அண்ணனின் போன் திக்கித் திணறியதால் என் போனில் போட்டு, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். பத்து நிமிடம் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றியது.

“அடியே, பொண்ணக் காட்டு! காத்தாடிய நான் இங்கயே பாத்துக்குவேன்!”

படம் ஒருமுறை குலுங்கி மேடைக்குப் போனது. மகளின் பெயரை வாசித்தார்கள். கறுப்பு அங்கியில் அவள் நடந்து வந்தாள். அண்ணன் நாற்காலியைவிட்டு எழுந்து நேராக நின்றார். முதல்நாள் கத்திய கூட்டத்தில் பாதிப்பேர் எங்களுக்குப் பின்னால் நின்று கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் இறங்கிப் போனதும், “வச்சிரட்டாண்ணே?” என்று கேட்டேன்.

“இரு தம்பி. மத்த பிள்ளைங்களும் வாங்கட்டும். அவங்க அப்பனுங்கள்ல யாரு யாரு எங்க மாட்டிக்கிட்டு நிக்கிறானோ.”

அப்புறம் ஒவ்வொரு பிள்ளைக்கும் கை தட்ட ஆரம்பித்தார். போனைப் பிடித்திருந்த என் கை கடுத்துப் போனது. வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. அந்தக் கல்லூரியில் ஊர்ப்பட்ட பிள்ளைகள் படித்திருந்தார்கள். இன்னும் எத்தனை பேர் வந்திருந்தாலும் பிடித்துக்கொண்டே நின்றிருப்பேன்.