அர்லீன் காலைக் குணப்படுத்தியது யார்?

தபால்காரி அர்லீன் ஹோவ்லண்ட் பையைக்கூடக் கழற்றாமல் லண்டீன் வீட்டுப் படியில் உட்கார்ந்து, பூட்ஸுக்குள் தீயாய் எரிந்த பாதங்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். மிசஸ் லண்டீன் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டதுதான் வம்பாகப் போயிற்று.

மினசோட்டாப் பனியில் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும்போதும் அர்லீன் வராமல் இருந்ததில்லை. கதவைத் தட்டி நலம் விசாரித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள். அப்படிப்பட்டவளுக்குக் கால் எரிகிறது என்றால் தெரு சும்மா இருக்குமா? மறுநாள் லண்டீன் வீட்டுத் தபால் பெட்டியில் நரம்புக்கான வைட்டமின் டப்பா ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. அடுத்த பெட்டியில் இன்னொன்று. வாரம் முடிவதற்குள் கடிதங்களைவிட டப்பாக்கள் அதிகமாகிவிட்டன.

கொடுத்தவர்கள் மனம் நோகக் கூடாதே என்று அர்லீன் அத்தனையையும் விழுங்கினாள். எரிச்சல் குறையவில்லை, போதாக்குறைக்குக் கைவிரல்களும் மரத்துப்போயின. அவள் கையிலிருந்து கடிதங்கள் நழுவுவதைப் பார்த்த தெரு, பதறிப்போய் இன்னும் டப்பாக்களை வைத்தது.

கடைசியில் அவள் கணவர் கோர்டி அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"எல்லா டப்பாவிலயும் பி6 இருக்கு. அளவு மீறினா அதுவே நரம்பைக் கெடுக்கும். உங்களுக்குக் குறைச்சல் பி12தான். இதையெல்லாம் நிறுத்திட்டு, நான் தர்றதை மட்டும் சாப்பிடுங்க" என்றார் டாக்டர்.

மெல்ல மெல்லக் கால் ஆறியது. ஆனால் தெருவில் உண்மையைச் சொல்ல அர்லீனுக்கு வாய் வரவில்லை. "உங்க மாத்திரைதான் கைகொடுத்துச்சு" என்றாள் மிசஸ் லண்டீனிடம். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னாள். தெருக் கோடிவரை அதையேதான் சொன்னாள்.

சர்ச் விருந்தில் அத்தனை பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மிசஸ் லண்டீன் தன் டப்பாவின் பெருமையை எடுத்துவிட்டாள். எதிர்வீட்டு வெண்டல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அர்லீனை நடக்கவைத்தது தன் டப்பாதான் என்றார். ஆளுக்கு ஆள் குறுக்கே பேச, குரல்கள் ஏறின.

"நீயே சொல்லு அர்லீன். யார் கொடுத்தது?" என்றார் வெண்டல்.

அர்லீன் மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்ற வீடுகளில் எந்த முகத்தோடு போய் நிற்பது? உண்மையைக் கொட்டிவிடலாம் என்று எழுந்தாள்.

காபி ஊற்ற வந்த பாதிரியாரின் மனைவி அவள் காதருகே குனிந்தாள்.

"டாக்டர் சொன்னதை கோர்டி அன்னைக்கே ஊரெல்லாம் சொல்லிட்டாரும்மா. நீ எப்படிச் சமாளிக்கிறேன்னு பாக்கத்தான் இவங்க சண்டை போடுறாங்க, அழகா ஒரு பொய் சொல்லிட்டு உக்காரு."