அயர்லாந்துச் சொதி

ஆட்டிறைச்சி அடிப்பிடித்த மணம் தங்கேஸ்வரியின் மூக்கில் ஏறியபோது பிற்பகல் மூன்றரை மணி. ஆட்கள் வருவது ஆறு மணிக்கு.

“அம்மா, என்ன கருகுது?” என்று அறைக்குள்ளிருந்து மகள் தனுஷா குரல் கொடுத்தாள்.

“அயர்லாந்து” என்றாள் தங்கேஸ்வரி.

எல்லாம் ஒரு ‘யா’வால் வந்த வினை. காலையில் வேலைக்குக் கிளம்பியவள், கீழ்வீட்டு பேர்கஸ் கட்டட வாசலில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து கிடப்பதைக் கண்டாள். அம்புலன்ஸ்காரர்கள் அவரைத் தூக்கிக் கிடத்திய பிறகும் மனிதர் அவளுடைய கையை விடவில்லை. கதவுத் திறப்பு ஒன்றையும் நாலு தாள்களையும் அதற்குள் திணித்து, பல்லைக் கடித்துக்கொண்டு என்னவோ சொல்லி, “செய்வாயா?” என்று கேட்டார்.

“யா, யா” என்றாள் அவள்.

ஒஸ்லோவுக்கு வந்த இருபத்தாறு வருடத்தில் பழகிப்போனது அது. விளங்காததை இன்னொரு முறை கேட்டு, எதிரில் நிற்பவரின் நெற்றி சுருங்குவதைப் பார்ப்பதைவிட, ‘ஆம்’ என்பதற்கு நோர்வேக்காரர் சொல்லும் ‘யா’வைச் சொல்லித் தலையாட்டிவிடுவது அவளுக்குச் சுகம். அம்புலன்ஸ் போன பிறகுதான், தான் தலையாட்டியது எதற்கு என்று தாளை விரித்துப் பார்த்தாள். கிறுக்கல் எழுத்து. பாலர் பாடசாலைச் சமையலறைக்கு இன்று வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மகளை எழுப்பினாள்.

“இண்டைக்குப் புனித பற்றிக் திருநாளாம்” என்று தனுஷா வாசித்துச் சொன்னாள். “அயர்லாந்து ஆக்களின்ரை பெரிய நாள். இவர் ஒன்பது வருசமா கீழ் மண்டபத்திலை கொண்டாடுறார். இந்தப் பக்கத்திலை அயர்லாந்து வேர் உள்ள நோர்வேக்காரர் பன்னிரண்டு பேர் வருவினமாம். நீங்கள் வரவேற்கவேணும், சமைக்கவேணும், பிறகு வரலாறு சொல்லவேணும்.”

“வரலாறோ?”

“ரெண்டு பக்கம். பொறுங்கோ, கீழை சிவப்புக் கோடு போட்டுக் கிடக்கு. மெரெத்த வாறாவாம்.”

மெரெத்தவைத் தங்கேஸ்வரிக்குத் தெரியும். அந்தக் குடியிருப்பின் நிர்வாகசபைத் தலைவி. மண்டபத்தில் உடற்பயிற்சி இயந்திரங்கள் வைக்க வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அயர்லாந்து மாலை உண்மையான பண்பாட்டு நிகழ்ச்சிதானா என்பதை இன்று வந்து பார்த்து அவள் முடிவு சொல்வாள். சரிவராவிட்டால், அடுத்த வருடம் பேர்கஸுக்கு மண்டபம் இல்லை.

தங்கேஸ்வரி தாளைப் பிடித்தபடி கதிரையில் இருந்துவிட்டாள். அவர்கள் குடியிருக்கும் புருசெத்தில் இருக்கிற அத்தனை பேரும் அவளிடம் ‘எந்த நாடு?’ என்று கேட்டிருக்கிறார்கள். பேர்கஸ் ஒருவர்தான் லிப்டில் வைத்து ‘எந்த ஊர்?’ என்று கேட்டவர். கோண்டாவில் என்று சொன்னாள். மூன்றாம் மாடியிலிருந்து கீழே வருவதற்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்துச் சரிப்படுத்திக்கொண்டார். அந்த மனிதரின் மண்டபம் தன் கையால் போனதென்றால், பிறகு எந்த முகத்தோடு அந்த லிப்டில் ஏறுவது?

அதனால்தான் சமைக்கத் தொடங்கினாள். ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கரட், வெங்காயம், உப்பு. அவ்வளவுதான்.

“வேறை?” என்று கேட்டாள்.

“வேறை ஒண்டும் இல்லை, அம்மா. அதுதான் அயர்லாந்து.”

அவித்துச் சுவைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கொடுக்கிற கஞ்சித்தண்ணீர் போலிருந்தது. இன்னும் கொஞ்சம் வற்றினால் ருசி வரும் என்று அடுப்பைக் கூட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து பார்க்க அடிப்பிடித்துவிட்டது.

வேறு சட்டிக்கு மாற்றினாள். கருகல் மணம் கூடவே வந்தது. மணத்தைக் கொல்லக் கறிவேப்பிலையும் றம்பை இலையும் போட்டாள். அடங்கவில்லை. மிளகு போட்டாள். மிளகு கூடி நாக்கில் நெருப்புப் பிடித்தது. உறைப்பைக் குறைக்க இரண்டு பேணித் தேங்காய்ப்பால் ஊற்றினாள். கடைசியில் கை தன்பாட்டில் ஒரு தேசிக்காயைப் பிழிந்துவிட்டது.

வேலை முடிந்து வந்த கணவர் மகேந்திரராசா கரண்டியால் கோலி வாயில் வைத்தார்.

“அருமையான சொதி. இடியப்பம் எங்கை?”

“சொதி இல்லையப்பா, அயர்லாந்துச் சாப்பாடு!” என்றாள், கரண்டியைப் பறித்துக்கொண்டு.

“ஓ. பற்றிக் திருநாளோ? எனக்குச் சொல்லவேண்டாம். யாழ்ப்பாணத்திலை சென் பற்றிக்ஸ் கல்லூரியோடை மூண்டு தரம் கிரிக்கெட் விளையாடித் தோத்தவன் நான்.”

அந்த நேரம் பார்த்துத் தனுஷா கைத்தொலைபேசியுடன் வந்தாள். திராமனிலிருந்து வரவேண்டிய வயலின்காரருக்குக் காய்ச்சல். வரமாட்டாராம்.

“எங்கடை அருட்செல்வம் மாஸ்டர் இருக்கிறாரெல்லோ?” என்றார் மகேந்திரராசா. “வயலின் வயலின்தானே.”

மாஸ்டர் ரொம்மனில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் படிப்பிக்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு நிதானமாக, “தங்கச்சி, அயர்லாந்து எந்தப் பக்கம்?” என்றார்.

“இங்கிலாந்துக்கு அங்காலை, மாஸ்டர்.”

“அப்ப நோட்டுஸ்வரம் காணும். சின்னனுகளுக்குப் பழக்கிறது. வெள்ளைக்காரன்ரை பாண்டு மெட்டுத்தான். ஆனால் ஒண்டு, நான் கதிரையிலை இருந்து வாசிக்கமாட்டன். பாய் ஒண்டு எடுத்து வையுங்கோ.”

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டு பேரும் பச்சைக் கம்பளிச்சட்டையும் பச்சைச் சால்வையுமாகக் கீழ் மண்டபத்துக்கு வரிசையில் வந்தார்கள். தாளில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூதாதையரின் ஊரைப் பேர்கஸ் எழுதியிருந்தார். முன்னால் வந்த உயரமான பெண் பியோர்க், கால்வே. பின்னால் வந்த தாடிக்காரர் தூர்ஸ்தைன், கோர்க். தங்கேஸ்வரி பேர்கஸ் விழுந்த கதையைச் சொன்னதும் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“அப்படியானால் இன்று நடத்துவது நீங்களா?” என்று கேட்டாள் பியோர்க்.

“யா.”

“அயர்லாந்து பற்றி உங்களுக்கு நன்றாகத் தெரியுமா?”

“யா, யா.”

பியோர்க்கின் முகம் வெளிறிப்போனது. கண்டுபிடித்துவிட்டாள் என்று தங்கேஸ்வரி நினைத்தாள். இவர்கள் இரத்தத்தில் அயர்லாந்து ஓடுகிறவர்கள். ஒரு கரண்டி போதும், ஒரு மெட்டுப் போதும், சாயம் வெளுத்துவிடும். கடைசி வரிசையில் மெரெத்த குறிப்புக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

தங்கேஸ்வரி திரும்பிப் பார்க்கும்போது, மேடைக்கு முன்னால் மகேந்திரராசா குத்துவிளக்கை வைத்து நெருப்புப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா செய்யிறியள்?”

“நிகழ்ச்சி எண்டால் விளக்குக் கொளுத்தாமல் தொடங்கேலுமோ? மெரெத்தவுக்குப் பொன்னாடையும் கொண்டந்தனான்.”

“இது அவையின்ரை நிகழ்ச்சியப்பா!”

“எவையின்ரை எண்டாலும் இருட்டிலையோ தொடங்கிறது?”

ஐந்து திரியும் எரிந்தன. சூட்டோடு சூடாக ஒரு கட்டிக் கற்பூரத்தையும் கொளுத்தினார். கூரையிலிருந்த புகைமணி வீரிட்டு அலறத் தொடங்கியது.

தங்கேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, பன்னிரண்டு பேரும் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, அசையாமல் நின்றார்கள். தூர்ஸ்தைனின் தாடி மெல்ல நடுங்கியது. அவர்களைப் பார்த்து மெரெத்தவும் எழுந்து நெஞ்சில் கை வைத்தாள். தனுஷா கதிரையில் ஏறித் துவாயால் விசுக்கி மணியை நிறுத்தியதும் எல்லாரும் பயபக்தியோடு உட்கார்ந்தார்கள்.

எவ்வளவு பொறுமையான சனம் என்று நினைத்தபோது, தங்கேஸ்வரிக்குக் குற்றவுணர்ச்சி இன்னும் கூடியது.

மாஸ்டர் பாயில் சம்மணமிட்டு இருந்தார். நோட்டுஸ்வரம் என்று சொன்னவர், பச்சை உடுப்புப் போட்ட சபையைக் கண்ட உற்சாகத்தில் இருபது நிமிடம் ஆலாபனை செய்தார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளின் மெட்டு வந்தது. தூர்ஸ்தைன் கண்ணை மூடித் தாளம் போட்டார். தாளம் ஒரு பக்கமும் வயலின் ஒரு பக்கமும் போயின.

“மேற்குக் கரைப் பாட்டுத்தானே?” என்று அவர் தங்கேஸ்வரியின் காதில் கேட்டார்.

“யா.”

“நினைத்தேன்” என்று பெருமூச்சு விட்டார்.

அடுத்தது சாப்பாடு. பியோர்க் முதல் வாயிலேயே நின்றுவிட்டாள். நெற்றி வியர்த்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மற்றப் பதினொரு பேரும் கரண்டியைத் தூக்கியபடி அவளையே பார்த்தார்கள்.

“பிடிக்கவில்லையா?” என்றாள் தங்கேஸ்வரி.

“இல்லை, இல்லை” என்றாள் பியோர்க், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “கால்வேயில் இப்படியேதான் வைப்பார்கள்.”

பதினொரு கரண்டிகளும் ஒன்றாக இறங்கின.

எல்லாவற்றுக்கும் மேலே வரலாறு இருந்தது. மகேந்திரராசா பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒலிவாங்கியை நோக்கி நடந்தார். அவர் ஒலிவாங்கியைப் பிடித்தால் எங்கே தொடங்குவார் என்பது தங்கேஸ்வரிக்குத் தெரியும். எப்போது முடிப்பார் என்பது யாருக்கும் தெரியாது. தமிழ்ச் சங்கத்து விழாக்களில் அவர் மேடையில் நிற்க, அவள் மண்டபத்துக்குப் பின்னால் சட்டியோடு நிற்பாள். இருபத்தாறு வருடமும் அப்படித்தான். இன்றைக்குக் கால்கள் தாமாக நடந்தன.

“தாங்கோப்பா.”

“எதை?”

“அதை.”

மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

அவள் தாளை விரித்தாள். எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, காலையில் தனுஷா வாசித்துச் சொன்னதில் மனதில் நின்றதைத் தன் உடைந்த நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.

“அந்த நாட்டுச் சனம் கிழங்கை நம்பி இருந்தது. ஒரு வருடம் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. நிறையப் பேர் செத்தார்கள். நிறையப் பேர் கப்பல் ஏறினார்கள். இறங்கின இடத்தில் யாரிடம் என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் வருடத்தில் ஒரு நாள் ஒரு அறையில் கூடினார்கள். சமைத்தார்கள், பாடினார்கள். அந்த அறைக்குள் யாரும் யாரையும் எந்த நாடு என்று கேட்கமாட்டார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். எனக்கு இவ்வளவுதான் தெரியும். பேர்கஸ் இந்த ஒரு நாளுக்காக முழு வருடமும் காத்திருக்கிறார்.”

ஒலிவாங்கியை வைத்த பிறகுதான், இவ்வளவு நேரமும் தான் ஒரு ‘யா’கூடச் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பியோர்க் சால்வையால் மூக்கைத் துடைத்தாள். தூர்ஸ்தைன் தலையைக் குனிந்து தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெரெத்த எழுந்தாள். மகேந்திரராசா இந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர்போலப் பாய்ந்து போய்ப் பொன்னாடையை அவளுடைய தோளில் போட்டார்.

“நான் சந்தேகத்தோடுதான் வந்தேன்” என்றாள் அவள், பொன்னாடையைத் தடவியபடி. “ஆனால் மணி அடித்ததும் பன்னிரண்டு பேரும் ஒன்றாக எழுந்து நின்றதைப் பார்த்தேன். சொந்த மரபை இவ்வளவு ஆழமாக அறிந்தவர்களிடமிருந்து மண்டபத்தைப் பறிக்க முடியாது. உடற்பயிற்சி இயந்திரங்கள் வேறு இடம் பார்க்கட்டும்.”

கைதட்டல் எழுந்தது. மாஸ்டர் யாரும் கேட்காமலேயே இன்னொரு நோட்டுஸ்வரம் தொடங்கினார்.

தங்கேஸ்வரி சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். மண்டபம் தப்பிவிட்டது. ஆனால் தப்பவைத்ததில் ஒரு சொட்டு உண்மை இல்லை. வெற்றுக் கோப்பைகளோடு பியோர்க் உள்ளே வந்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

“பியோர்க், நான் உங்கள் எல்லாரையும் ஏமாற்றிவிட்டேன். அது அயர்லாந்துச் சாப்பாடே இல்லை. எங்கள் வீட்டுச் சொதி. வயலின் எங்கள் சின்னப் பிள்ளைகளின் பாடம். விளக்கு எங்கள் வழக்கம். மணி அடித்தது புகைக்கு. அயர்லாந்து பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. உங்கள் முன்னோர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.”

பியோர்க் கோப்பைகளைத் தொட்டிக்குள் வைத்தாள். பிறகு போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“கடவுளே, உங்களுக்கும் தெரியாதா?” என்றாள். “நீங்கள் எல்லாம் தெரிந்தவர், எங்களைக் கண்டுபிடித்துவிடப் போகிறீர்கள் என்று வந்ததிலிருந்து பயந்து செத்தோம்.”

“எதைக் கண்டுபிடிக்க?”

பியோர்க் குரலைத் தாழ்த்தினாள்.

“பேர்கஸிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒன்பது வருடத்துக்கு முன் தேனீ வளர்ப்பு வகுப்பு என்று நினைத்துக் கதவு மாறி இந்த மண்டபத்துக்குள் வந்தோம், நாற்பது கதிரை போட்டுவிட்டுத் தனியாக இருந்த மனிதர் எங்களைக் கண்டதும் அழுதுவிட்டார், அதற்குப் பிறகு எங்களில் ஒருவருக்குக்கூட அயர்லாந்து வேர் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?”