என் தொண்டை பற்றிய புகார்

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். தாங்களும் சம்பந்தியம்மாளும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்பது மரியாதைக்கு எழுதுவது. முப்பத்தொரு வருடம் சுங்கப் பரிசோதகராக ஊரார் பெட்டியைத் திறந்து பார்த்தவன் எதையும் லேசில் நம்பமாட்டான்.

விஷயம் தங்கள் புத்திரர், என் மாப்பிள்ளை பற்றியது. வீடியோ கேம் செய்யும் அந்தப் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டார். நானூறு பேர் ஆறு வருடமாக ஒரே கேமைச் செய்கிற இடம். அதில் இவர் பொறுப்பு, வீரன் காரில் பறக்கும் தெருக்களில் இருக்கிற சாக்கடை மூடிகள் மட்டும். ஒருவரும் குனிந்து பார்க்கப்போவதில்லை, ஆனாலும் கௌரவமான உத்தியோகம். இப்போது எங்கள் பின்னறையில் தனி ஆளாக முழு கேமையும் செய்கிறாராம். கதை, படம், பாட்டு எல்லாம் அவரே. நானூறு கையெழுத்து விழுந்த சரக்கை நான் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியிருக்கிறேன். ஒற்றைக் கையெழுத்து என்றால் பெட்டியைத் திறக்காமல் விட்டதில்லை. ஆகவே கண்காணித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை குளியலறை வாசலில் தொங்கிய துண்டை எடுக்கிறேன், உள்ளே ஒரு மைக்! மாமனாரையே உளவு பார்க்கிறாரா என்று மகளைக் கூப்பிட்டேன். அவள் பதறவில்லை, சிரிக்கிறாள். "அப்பா, பெரிய கம்பெனின்னா பூதம் உறுமறதுக்கு ஸ்டூடியோ வச்சு ஆள் போட்டுப் பண்ணுவாங்க. இவருக்கு ஏது அதெல்லாம்? காலையில நீங்க தொண்டையைக் காறுறீங்களே, அதைத்தான் எடுத்திருக்காரு." கேமைப் போட்டுக் காட்டச் சொன்னேன். குகை வாசலில் பூதம் நிற்கிறது, வாயைத் திறக்கிறது, சம்பந்தி, உள்ளேயிருந்து நான் வருகிறேன்! "மாமா, தப்பா நினைக்காதீங்க. எத்தனையோ சத்தம் போட்டுப் பாத்துட்டேன், இந்த பயம் வரல" என்று மாப்பிள்ளை சொல்கிறார். இது பாராட்டா, பழியா? பூதத்துக்கு வழுக்கை வேறு. கேட்டால் தற்செயலாம்!

இப்படி ஒருவரை நம்பி என் மகள் எப்படிக் காலம் தள்ளுவாள்? இந்த மாதத்துக்குள் திரும்பினால் சேர்த்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்களாம். தகப்பனார் என்ற உரிமையில் தாங்கள் ஒரு அதட்டல் போட்டு, அவரைச் சாக்கடை மூடிக்கே அனுப்பிவைக்க வேண்டும்.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி. இரண்டும் சந்தேகத்துக்கு இடமின்றி.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் மாப்பிள்ளை வந்தார். கேமை இருபது பேருக்கு விளையாடக் கொடுத்தாராம். பூதம் வந்ததும் பதினேழு பேர் பயந்துபோய் நிறுத்திவிட்டார்களாம். அடுத்த கட்டத்தில் பூதம் அழ வேண்டுமாம். "உங்களால முடியுமா மாமா?" என்றார். முடியுமாவாவது! ஒத்திகை நடக்கிறது. தாங்கள் யாரையும் அதட்ட வேண்டாம். திரும்ப எழுதச் சோம்பலாக இருப்பதால் இதையே அனுப்புகிறேன், மேலே உள்ளதைப் படிக்காததாகப் பாவிக்கவும். இன்று காலை கம்பெனியிலிருந்து அவரைக் கேட்டு போன் வந்தது. ராங் நம்பர் என்றேன். நம்பாமல் மறுபடி அடித்தார்கள். ஒரு தடவை உறுமினேன். வைத்துவிட்டார்கள்.