இருவது மூட்டை மணல்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஆத்துக்குப் போய் இருவது மூட்டை மணல் அள்ளிக்கினு வரணும்.

அவ்ளோதான். ஆறு எங்க ஊட்லருந்து கூப்பிடு தூரம். எனக்கு மம்முட்டி புடிக்கத் தெரியும். இதுல தப்பு நடக்க இன்னா இருக்குது?

நான் புத்தலப்பட்டு பக்கம் கரும்பு வெச்சு வெல்லம் காச்சறவன். என் தம்பி சேகர் கம்ப்யூட்டர் படிச்சிட்டு அமெரிக்கா போனவன். எங்க ஊருக்கு அப்போதான் டெலிபோன் வந்த சமயம். எங்க ஊட்டு போனும் அவன் வெச்சுக் குடுத்ததுதான். அதனால அந்தப் போன்ல அவன் இன்னா சொல்றானோ அதான் சட்டம்!

கார்த்திகை மாசம். நாலு நாளா புயல் மழை. மேல இருக்கற ஏரி ரொம்பி, கோடியில தண்ணி வழிஞ்சு போவுதுன்னு காலையில தண்டோரா போட்டாங்க. ஏழு வருஷமா காஞ்சு கெடந்த எங்க ஆறு சாயங்காலத்துக்குள்ள வந்துடுமாம்.

எனக்கு ஆத்தைப் பத்திக் கவலை இல்ல. முன்ரூம்ல அடுக்கியிருந்த வெல்லத்தைப் பத்திதான் கவலை. "போன மாசமே சித்தூர் மண்டியில போட்டுடலாங்க"ன்னு என் பொண்டாட்டி மல்லிகா தலபாடா அடிச்சிக்கினா. வெல ஏறட்டும்னு நான்தான் புடிச்சு வெச்சேன். அதை வித்துதான் எங்க பொண்ணு தேன்மொழியைத் திருப்பதியில நர்சிங் சேக்கணும். சேர்றதுக்குக் கடசி நாளு அடுத்த வாரம்.

அந்த நேரம் பாத்து தம்பி போன் பண்ணான்.

"அண்ணா, பயப்படாத. இங்க வருஷா வருஷம் இதே கததான்."

"அமெரிக்காவுல ஏதுடா புயல் மழை?"

"மழ இல்லண்ணா, பனி! மார்ச்சு கடசியில வெயில் வந்ததும் அத்தனை பனியும் உருகி ஆறு ஊருக்குள்ள வந்துடும். ஊரே சேந்து வாசலுக்கு வாசல் மணல் மூட்டை அடுக்குவோம். ஒரு சொட்டு உள்ள வராது!"

எனக்குத் தெரிஞ்ச பனி, மார்கழி மாசம் மல்லாட்டைச் செடி மேல உக்காந்திருக்கும். ஊர்ப் பனி மொத்தமும் உருகினாலும் ஒரு சொம்பு ரொம்பாது. ஆனா தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்.

"நீ ஒடனே போய் இருவது மூட்டை மணல் கொண்டாந்து வாசலை அடைச்சிடு. நான் பெங்களூர்ல நாலாவது மாடியில பிளாட்டு புக் பண்ணியிருக்கேன்ல, ஏன்னு நெனக்கற? வெள்ளத்தைப் பாத்த பயம்தாண்ணா!"

யூரியா பைங்களைச் சுருட்டிக்கினு, டிவிஎஸ்ல ஆத்துக்குப் போனேன்.

ஆறு இருந்தது. மணலைக் காணோம்!

சத்தியமா சொல்றேன், ஒரு பிடி இல்ல. ஆளு ஒசரத்துக்குக் குழி குழியா தோண்டி, அடியில வெறும் களிமண்ணு. வருஷக்கணக்கா லாரி போற சத்தம் கேட்டுக்கினுதான் இருந்தேன். எவனோ ஊடு கட்றான்னு நெனச்சேன். இவ்ளோ ஊடு கட்டுவானுங்கன்னு நெனக்கல.

கரையில கடசியா ஒரே ஒரு லாரி நின்னுக்கினு இருந்தது. தலையில செவப்புத் துண்டு கட்டின டிரைவர், மணல் மேல தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கினு இருந்தாரு.

"அன்னா, இருவது மூட்டை இசுக்க காவால"ன்னு தெலுங்குலயே மணல் கேட்டேன்.

"பர்மிட் உந்தா?"

"எங்க ஊரு ஆத்து மணலுக்கு எனக்கே பர்மிட்டா!"

"இது பெங்களூரு லோடன்னா. ஒரு கூடை கொறஞ்சாலும் அங்க அபார்ட்மெண்ட்டுக்காரன் என்னைத் துன்னுடுவான். பர்மிட் எடுத்துக்கினு வா, நானே அள்ளிக் குடுக்கறேன்."

நியாயமாத்தான் பேசறாருன்னு, பர்மிட் குடுக்கற ஆபீசுக்கு வண்டியை வுட்டேன். அங்க ஒரு சார் தலையை நிமிராமயே கேட்டாரு.

"மணல் எதுக்கு?"

"வெள்ளம் வருது சார்."

"வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"வந்ததும் தரகாஸ்து மனு எழுதிக்கினு வா. வராத வெள்ளத்துக்கு இங்க ஃபாரம் கெடையாது."

திரும்பி வந்தா லாரியையும் காணோம்.

காலிப் பையோட ஊட்டுக்கு வந்தேன். மல்லிகா வாசல்லயே நின்னா.

"எங்க மணலு?"

"பெங்களூர் போயிடுச்சு."

மணல் இல்லன்னா இன்னா, மண்ணு இல்லையா? கொல்லையில எறங்கித் தோண்ட ஆரம்பிச்சேன்.

"இன்னாங்க, வெள்ளம் வர்ற நேரத்துல கெணறு வெட்டறீங்க!"

மண்ணை அள்ளிப் பையில ரொப்பினேன். மதியானத்துக்குள்ள முன்கதவுக்குப் பத்து மூட்டை, பின்கதவுக்குப் பத்து மூட்டை. இடுப்பளவு செவுரு! இடுப்பு எனக்கு இருக்குதான்னு மட்டும் அதுக்கப்பறம் தெரியல.

மறுபடி போன்.

"அண்ணா, மூட்டை மட்டும் போதாது. அது மேல பிளாஸ்டிக் ஷீட்டு சுத்தணும். அப்போதான் கசியாது."

ஊட்ல இருந்தது ஒரே ஒரு நீலத் தார்ப்பாய். அது வெல்லத்தை மூடியிருந்தது. ரெண்டா வெட்டினா ரெண்டு கதவுக்கும் சரியா வரும்.

மல்லிகா குறுக்க வந்து நின்னா. "ஓடு ஒடஞ்சு ஒழுகுதுன்னு போட்டதுங்க அது! மாத்தறேன் மாத்தறேன்னு நாலு மாசமா சொல்லிக்கினு இருக்கீங்க."

"ஆறே வருதுடி! ஓட்டுல ஒழுகற நாலு சொட்டா இப்போ முக்கியம்?"

இந்த வார்த்தையை என் நெத்தியில பச்சை குத்தி வெச்சிருக்கணும்.

மூணு மணிக்கு ஊரே கத்துச்சு. "ஆறு வந்துடுச்சு! ஆறு வந்துடுச்சு!"

எங்க பக்கம் ஆறு பல வருஷம் கழிச்சு வந்தா யாரும் ஊட்ல உக்கார மாட்டாங்க. மஞ்சள், குங்குமம், பூ, தேங்கா எடுத்துக்கினு எதிர போய்க் கும்புடணும். கங்கம்மா வர்றா, வாசல்ல ஆள் இல்லன்னா நல்லா இருக்குமா? மல்லிகா தட்டை ஒரு கையில புடிச்சிக்கினு, என்னைத் திட்டிக்கினே மூட்டை ஏறிக் குதிச்சா. தேன்மொழி குதிச்சா. நான் உருண்டேன்.

மழைன்னா மழை, அப்பிடி ஒரு மழை! செவப்பா, நொரையோட தண்ணி வந்தது. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, பொய் சொல்லல. பொம்பளைங்க மஞ்சள் தூவினாங்க. நான் பக்கத்து ஊட்டு முனிரத்தினத்துக்கு அமெரிக்கா டெக்னிக்கை வெளக்கிக்கினு இருந்தேன்.

வந்த ஆறு மொதல்ல லாரிங்க தோண்டின குழிங்களை ரொப்புச்சு. ரொம்ப நேரம் ரொப்புச்சு. அப்பறம் கரைக்கு ரெண்டு முழம் கீழயே ஓடி, அப்பிடியே போயிடுச்சு. எங்க தெருவை எட்டிக்கூடப் பாக்கல.

"பாத்தியா, என் மூட்டையைப் பாத்து பயந்துடுச்சு"ன்னு சிரிச்சிக்கினே வந்தேன். வாசல்ல நல்ல வாசனை. யாரோ பானகம் கரைக்கறாங்கன்னு நெனச்சு, உள்ள குதிச்சேன்.

கணுக்காலு வரைக்கும் பானகத்துல நின்னேன்!

ரெண்டு மணி நேரமா கூரைத் தண்ணி மொத்தமும் நேரா, தார்ப்பாய் இல்லாத வெல்லத்து மேல. அடுக்குல பாதியைக் காணோம். தம்பி ஊர்ல பனி எப்பிடி உருகும்னு அப்போதான் புரிஞ்சது. கரைஞ்சதெல்லாம் வெளிய போக வழியில்லாம நடு ஊட்ல நின்னுக்கினு இருந்தது. அவ்ளோ கச்சிதமா அடைச்சிருந்தேன்!

மல்லிகா ஒரு விரலை முக்கி நாக்குல வெச்சுப் பாத்தா. திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன்.

தேன்மொழிதான் மெதுவா கேட்டா. "நைனா, அப்போ நான் நர்சிங் சேர முடியாதா?"

தண்ணியை வெளிய வுடலாம்னு மொதல் மூட்டையை நவுத்தக் குனிஞ்சேன்.

"மூட்டையைத் தொடாதீங்க!"

மல்லிகா குடத்தை எடுத்துக்கினு வந்தா. நாங்க மூணு பேரும் ஊட்டை மொண்டோம். வேட்டியில வடிகட்டி, ரெண்டு நாள் கொப்பரையில மறுபடி காச்சினோம். கன்னங்கரேல்னு ஒரு வெல்லம் வந்தது. மண்டியில ஒருத்தர் வாங்கினாரு. எதுக்குன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. கடசி நாளு தேன்மொழி காலேஜுல சேந்துட்டா. நாங்க நீட்டின ஃபாரத்துல மட்டும் ரெண்டு எறும்பு ஓடிக்கினு இருந்தது.

தம்பி போன் பண்ணான். "அண்ணா, ஒரு சொட்டாவது உள்ள வந்துதா?"

"ஒரு சொட்டு வெளிய போவலடா."

மறு வருஷம் அவன் பெங்களூர் பிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். குடும்பத்தோட போனோம். கேட்டுல பக்கத்து பிளாக்குக்கு ஒரு லாரி மணல் கொட்டிக்கினு இருந்தது. டிரைவர் தலையில செவப்புத் துண்டு. என்னைப் பாத்ததும் கையை ஆட்டினாரு.

"ஏமன்னா, பர்மிட் தொரிகிந்தா?"

இன்னும் கெடைக்கலன்னு சொல்லிட்டு மேல ஏறினேன். தம்பி பெருமையா ஹால் செவுத்தைத் தட்டிக் காமிச்சான். "ஒரு விரிசல் கெடையாதுண்ணா. சுத்தமான ஆத்து மணலு!"

நானும் தொட்டுப் பாத்தேன். நாலாவது மாடியில எங்க ஆறு பத்திரமா இருக்குது.