கொம்பாஸ் அண்ணை திருப்பிய மணவறை

டொரொன்ரோவில் இருக்கிற இத்தனை தமிழருக்குள் கிழக்கு எது என்று தெரிந்தவர் ஒருவர்தான். அவர் சட்டைப் பையில் திசைகாட்டியோடு திரிகிற கொம்பாஸ் அண்ணை. மற்ற எல்லோரும் தெருப் பலகையைப் பார்த்து ஏமாந்துகொண்டிருக்கிறோம். இந்த நகரத்துத் தெருக்கள் நேர் வடக்குத் தெற்காகப் போடப்படவில்லை, கொஞ்சம் சரிந்துதான் கிடக்கின்றன என்று அவர் கண்டுபிடித்த நாளிலிருந்து யாருக்கும் நிம்மதி இல்லை.

நானும் அவரும் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்கள். அவர் தன் மேசையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பியதில் அவசரக் கதவு பாதி அடைபட்டது. அஜக்ஸில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போனவர், அந்த வீட்டாரின் புதுச் சோபாவைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் காரைக் கோட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, "கார் சரியாத்தான் நிக்குது, கோடுதான் பிழை" என்றார்.

வியாதி முற்றியது இஸ்தான்புல்லில். கொழும்புக்குப் போகிற வழியில் விமானம் மாற இறங்கியவர், அயா சோபியாவைப் பார்க்கப் போனார். கொன்ஸ்தாந்திநோபிள் என்ற பெயரில் அந்த நகரம் பேரரசின் தலைநகராக இருந்தபோது, 537இல் கட்டி முடித்த தேவாலயம் அது. 1453இல் பள்ளிவாசலாயிற்று. பிறகு மியூசியம். 2020இல் மறுபடி பள்ளிவாசல். மேல்மாடத்திலிருந்து குனிந்து பார்த்த அண்ணை ஒன்றைக் கண்டார். கட்டிடம் ஒரு திசை, கீழே தொழுகைக் கம்பளத்தின் கோடுகள் வேறு திசை. மக்கா கொஞ்சம் வலப்பக்கமாக இருப்பதால் கம்பளத்தைச் சரித்து விரித்திருந்தார்கள். கைப்பிடிச் சுவருக்கு மேலால் கொம்பாஸை நீட்டி அளந்தவரைக் காவலாளி சட்டையில் பிடித்து இழுத்திருக்கிறார். பிளைட்டும் போய்விட்டது. அண்ணைக்குக் கவலையே இல்லை.

"கட்டிடத்தை இடிக்கேல்லை, திருப்பேல்லை. விரிப்பைத்தான் திருப்பினவங்கள். கட்டிடம் கோவிக்கவே இல்லையடாப்பா!"

இதை அவர் செத்தவீட்டிலும் சொன்னார். "மியூசியமானது 1934" என்பார். "தீர்மானம் 1934, கதவு திறந்தது 1935" என்று நான் திருத்துவேன். "நீ வருசத்தைப் பிடிச்சுத் தொங்கு" என்பார்.

அக்காவின் மகள் கலியாணத்துக்கு அவரை அழைத்தது நான்தான்.

மாப்பிள்ளை பகுதி மன்னார்க் கத்தோலிக்கர். தாலி சைவ முறைப்படி, இடம் பழைய சேர்ச் ஒன்றை மாற்றிய மண்டபம் என்று பெரிய இழுபறிக்குப் பிறகு இரு வீட்டாரும் ஒத்துவந்திருந்தார்கள். காலையில் போனால், பலிபீடம் இருந்த இடத்தில் நாலு தூண் மணவறை. பின்சுவரில் மாதாவின் பெரிய வண்ணக்கண்ணாடி யன்னல். அதை அக்கா கணவரான அத்தான் பொன்னிறத் துணியால் மூடுவித்திருந்தார். மாப்பிள்ளையின் தாய் அதைக் கண்டதும் கடைசி வரிசையில் போய் இருந்துவிட்டா.

"மாதாவை மூடிப்போட்டு என்ர பிள்ளைக்குக் கலியாணமோ? துணியை எடுக்காட்டி நான் மேடைக்கு வரமாட்டன்."

"சைவக் கலியாணம் எண்டுதானே பேசினது? இதுக்கு விட்டால் இனி எல்லாத்துக்கும் விடவேணும்," என்றார் அத்தான்.

மாப்பிள்ளை மணவறையிலிருந்து எழும்பித் தாயைப் பார்த்தான். உள்ளறையில் மணப்பொம்பிளை அழுகிற சத்தம் கேட்டது. தாய் வராமல் அவன் தாலி கட்டமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முகூர்த்தம் நெருங்குகிறது என்று ஐயர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அந்த நேரம் பார்த்துக் கொம்பாஸ் அண்ணை மேடையில் ஏறினார்.

"ஐயா, உது மேற்கெல்லோ!"

"என்ன மேற்கு?"

"சேர்ச்சிலை பலிபீடம் கிழக்குப் பக்கம். சனத்தைப் பாத்து இருத்தினால் பிள்ளையள் மேற்குப் பாத்துத்தான் இருப்பினம்."

ஐயர் கொம்பாஸை வாங்கிப் பார்த்தார். முகம் வெளிறியது. "மேற்குப் பாத்து இருத்தித் தாலி கட்ட ஏலாது."

"உந்த விசரனை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?" என்று அத்தான் கத்தினார். நான் மண்டபத் தூண் ஒன்றுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"கட்டிடத்தைத் திருப்ப வேண்டாம், மணவறையைத் திருப்புவம். அயா சோபியாவிலை..."

மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. கைக்கு அகப்பட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து மணவறையைச் சுழற்றினோம். "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்! இது டொரொன்ரோ!" என்று அண்ணை கூவினார். கடைசியில் மணவறை சனத்துக்கு முதுகைக் காட்டி, துணி போட்ட சுவரைப் பார்த்துச் சரிவாக நின்றது.

அண்ணை அத்தானிடம் திரும்பினார்.

"கிழக்குப் பாத்து ஏன் இருத்திறது?"

"சூரியனைப் பாக்க."

"அப்ப சூரியனை ஏன் துணி போட்டு மூடி வைச்சிருக்கிறியள்?"

அத்தான் துணியைப் பார்த்தார். கடைசி வரிசையைப் பார்த்தார். பிறகு தானே ஒரு கதிரையில் ஏறி, துணியின் மூலையைப் பிடித்து இழுத்தார். காலை வெளிச்சம் நீலமும் சிவப்புமாக ஓமகுண்டத்தின் மேல் விழுந்தது. அந்த அம்மா எழும்பி நடந்து வந்தா. மேடைப் படியில் அத்தான் கை கொடுத்தார்.

"வாங்கோ சம்பந்தி, ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

படம் எடுக்கிறவருக்குக் கமராவை நகர்த்த நேரம் கிடைக்கவில்லை. தாலி கட்டுகிற படத்தில் மாப்பிள்ளை, பொம்பிளை, ஐயர், இரு வீட்டார் எல்லோரும் வெறும் முதுகுகள். தெரிகிற முகம் ஒன்றே ஒன்று. மணவறைக்கு அப்பால், யன்னலின் கீழே கொம்பாஸ் அண்ணை நிற்கிறார், அன்று மேற்குப் பார்த்து நின்ற ஒரே ஆளாக, கன்னமெல்லாம் நனைந்து. யூனியன்வில்லில் அக்கா வீட்டு வரவேற்பறையில் அந்தப் படம்தான் தொங்குகிறது. வேறு ஒன்றை மாட்டலாமே என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.