தாமரை தட்டச்சு மேம்பாட்டுப் பணிக்குழு

மலேசியத் தமிழரின் கல்வி வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால், சென்ற ஆயுத பூசையன்று கிள்ளானில் என் வீட்டு ஹாலில் நடந்ததற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். அன்றுதான் என் மகள் தாமரையின் புத்தம்புதுக் கீபோர்டுக்கு நான் பூசை போட்டேன். மற்றவர்கள் லாப்டாப் மூடியில் ஒரு பொட்டு வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். நான் அப்படிப் பாரபட்சம் பார்க்கிறவன் இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியாகப் பன்னீரில் குழைத்த சந்தனம், அதன் மேல் குங்குமம். ஸ்பேஸ் பார் நீளமாக இருந்ததால் அதற்கு விபூதிப் பட்டை. கடைசியில் சொம்பிலிருந்து தாராளமாகத் தீர்த்தம் தெளித்தேன்.

கீபோர்டு அந்த இடத்திலேயே முக்தி அடைந்தது.

"என்னாங்க இது, திறப்பு விழா அன்னிக்கே மூடு விழாவும் நடத்திட்டீங்க?" என்றாள் என் மனைவி ரமணி.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் லோகனின் கடைக்கு ஓடினேன். அவன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினான். கடையே மணத்தது.

"பாஸ், கோப்பி கொட்டிக் கொண்டாருவாங்க, மைலோ கொட்டிக் கொண்டாருவாங்க. அபிஷேகம் பண்ணிக் கொண்டாந்தது நீங்க ஒருத்தர்தான் லா."

"பிழைக்குமா?"

"பூசையறையிலேயே வச்சிடுங்க பாஸ். வேற ஒன்னு தரேன். இதுக்காவது சாமி கும்பிடாம இருங்க."

தாமரைக்குக் கீபோர்டு எதற்கு என்று கேட்பீர்கள். அவள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். டிஸ்கிராஃபியா என்றார்கள். தலையில் இருப்பது பென்சில் வழியாக இறங்கி வருவதற்குள் விரல்கள் இறுகி வலித்துவிடும். எழுத்துகள் வரியை விட்டு எங்கெங்கோ போய் நிற்கும். 'நான் ஒரு குடை' என்று தன்கதை எழுதச் சொன்னால், சாப்பிடும்போது வாயால் சொல்வாள் பாருங்கள்: குடையைக் கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் ஒருவர் மறந்துவிட்டுப் போவார். அது தன்னந்தனியாகத் துறைமுகம் வரைக்கும் போய்த் திரும்பி வரும். வழியில் ஓர் ஊன்றுகோலோடு சண்டை வேறு. தாளில் இருப்பது இவ்வளவுதான்: 'நான் ஒரு குடை. என் நிறம் கறுப்பு. நன்றி.' கட்டுரை உள்ள நாள்களில் காலையில் அவளுக்கு வயிறு வலிக்கும். காரில் உதட்டைக் கடித்துக்கொண்டு வருவாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் கைக்கும் விரலுக்கும் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஜெரால்டின்தான், "பார்க்காமலே டைப் பண்ணப் பழகட்டும்" என்றார். தலைமையாசிரியை இராஜம்மாவும் ஒத்துக்கொண்டார். "தீபாவளி லீவு முடிஞ்சதும் என் முன்னால ஒரு கட்டுரை டைப் பண்ணிக் காட்டட்டும் சார். முடிஞ்சா இனிமே கட்டுரை எல்லாம் லாப்டாப்புலயே. முடியலேனா பென்சில்தான். நான் வேற என்ன செய்ய?"

இப்பேர்ப்பட்ட பொறுப்பை ஒரு சின்னப் பிள்ளையின் கையில் விட்டுவிட முடியுமா? நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் 'ஆவணப் பிரிவு நிர்வாகி'. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கீபோர்டில்தான் பிழைப்பு. தட்டுவது இரண்டு விரல்கள். மற்ற எட்டும் 'பார்வையாளர்கள்'. இந்த அனுபவத்தின் பலத்தில் 'தாமரை தட்டச்சு மேம்பாட்டுப் பணிக்குழு' உதயமானது. தலைவர், நான். செயலாளர், ரமணி. அவள் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். உறுப்பினர், தாமரை.

சனிக்கிழமைதோறும் கூட்டம்.

"போன கூட்டத்தின் அறிக்கையை உறுப்பினர் ஏற்றுக்கொள்கிறாரா?"

"அப்பா, ஒன்னுக்குப் போவணும்."

"அது 'இதர விவகாரங்கள்'ல வரும்மா. கொஞ்சம் பொறு."

விரல்களைப் பார்க்காமலிருக்க, கை மேல் ஒரு துணியைப் போட்டால் போதும் என்று ஜெரால்டின் சொல்லியிருந்தார். துணி! நிர்வாகத்தில் இருப்பவன் துணியோடு நின்றுவிட்டால் அவனுக்கு எதற்குப் பதவி? சாப்பாட்டு மேசையில் குழம்பை மூடி வைக்கும் பிளாஸ்டிக் துடுங் சாஜியை எடுத்து, கை நுழைய இரண்டு ஓட்டை போட்டுக் கீபோர்டின் மேல் கவிழ்த்தேன். தாமரை உள்ளே கைவிட்டு உட்கார்ந்திருந்த காட்சி, ஏதோ நுட்பமான அறுவைச் சிகிச்சை போல இருந்தது. அன்று மத்தியானம் மீன் பொரியலை ஈக்கள் வந்து 'ஆய்வு' செய்தன. கல்விக்காக ஒரு குடும்பம் இதைக்கூடத் தாங்க வேண்டாமா?

நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு உட்காருவேன்.

"மோதிர விரல்! மோதிர விரல்! அது நடு விரல்மா!"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சா ஏன் போடல? சரி, விடு. உன்னால் முடியும்! எங்கே, நீயே சொல்லு!"

"என்னால் முடியும்," என்பாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வரும். தோள்கள் இரண்டும் ஏறிப்போய்க் காதைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த வளர்ச்சி வரைபடத்தில், கோடு வாராவாரம் இறங்கியது. இப்படி நேர்ந்தால் எங்கள் ஆபீசில் என்ன செய்வோமோ, அதையே செய்தேன். இலக்கைக் குறைத்தேன்.

ஆனால் ஒரு மர்மம் மட்டும் விளங்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில், பெற்றோர் வெளியே காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், அவள் நன்றாகத் தட்டுகிறாள் என்றார்கள். வீட்டில் வரவில்லை. ஜெரால்டினிடமே கேட்டேன்.

"ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி சார்," என்று சிரித்தார். "நீங்க கொஞ்சம் ரிலேக்ஸ் பண்ணுங்களேன்."

"பண்றேன் மிஸ். ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம்?"

அவர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். ரமணியிடம் கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முறுக்கு கருகுது," என்று உள்ளே போனாள். அடுப்பு அணைந்திருந்தது.

தீபாவளி லீவு முடிந்தது. பள்ளி விட்டபின் ஒரு காலி வகுப்பில் தாமரை, அவள் முன்னால் லாப்டாப்பும் லோகன் கொடுத்த கீபோர்டும், எதிரே இராஜம்மா டீச்சர். தாமரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பணிக்குழுத் தலைவர். தலைப்பு: 'நான் ஒரு காலணி'. ஆங்கில எழுத்தில் தட்டினால் திரையில் தமிழாக வரும்.

'நான்' என்பதில் ஒரு 'a' விட்டுப்போய் 'நன்' என்று வந்தது.

"சுண்டு விரல்," என்றேன், மெதுவாகத்தான்.

அழித்தாள். மறுபடியும் 'நன்'.

"இடது கை சுண்டு விரல்மா."

அழித்தாள். விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. உதட்டைக் கடித்திருந்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். பென்சில் நாள்களில் காரில் பார்த்த முகம். அவளுக்குப் பதிலாக என் இரண்டு விரல்களால் நானே தட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"சார்," என்றார் டீச்சர், "கேன்டீன்ல போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"இப்பதான் குடிச்சேன் டீச்சர்."

"இன்னொன்னு குடிங்க."

தலைமையாசிரியையின் விருந்தோம்பலைத் தட்டக் கூடாதல்லவா, போனேன். டீ வந்தது. குடிக்க முடியவில்லை. மேலே ஏடு கட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த சாமிக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டேன், தீர்த்தம் தெளிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வகுப்புப் பக்கமிருந்து சத்தம் வந்தது. முதலில் ஒன்று, அப்புறம் ஒன்று. பிறகு தகரக் கூரையில் மழை பிடித்த மாதிரி.

நான் திரும்பிப் போனபோது இராஜம்மா டீச்சர் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினார்.

"'நான் போகாத கோயில் இல்லை. பத்துமலைக்குக்கூடப் போயிருக்கிறேன். இதுவரை ஒரு சாமியையும் பார்த்ததில்லை.'"

ஒரு பக்கம் நிறைந்து, அடுத்த பக்கத்துக்கும் காலணி நடந்து போயிருந்தது.

"இனிமே தாமரை லாப்டாப்புலயே எழுதட்டும் சார்," என்றார்.

வெளியே வரும்போது தாமரை குதித்துக் குதித்து நடந்தாள். எனக்கும் அப்படி நடக்க ஆசைதான்; பதவி தடுத்தது. காரில் ஏறி பெல்ட் போட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டேன். இவ்வளவு பெரிய வெற்றியின் ரகசியத்தை மற்ற பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

"தாமரை, பணிக்குழுவோட இறுதி அறிக்கைக்கு ஒரு கேள்வி. அப்பா செஞ்சதுல எது உனக்கு ரொம்ப உதவுச்சு? துடுங் சாஜியா, ஸ்டாப்வாட்சா, சனிக்கிழமைக் கூட்டமா?"

அவள் யோசித்தாள்.

"நேராச் சொல்லும்மா. அப்பா கோவிச்சுக்க மாட்டேன்."

"நெசமா?"

"நெசமா."

"நீங்க டீ குடிக்கப் போனீங்கல்ல," என்றாள் தாமரை. "அதுதான்ப்பா."