ஆத்தாவுக்குப் போட்ட பயிரும் என் இயற்கை உணவும்

செல்விக்குத் தைச்ச ரவிக்கையை விக்கிரமங்கலத்துல கொண்டுபோய்க் குடுக்கணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

செல்வி என் பொண்டாட்டி வசந்தாவோட தங்கச்சி. ஊர்ல ஆடி மாசத் திருவிழா. செவ்வாய்க்கிழமை முளைப்பாரி எடுக்கறப்போ அவ போட்டுக்க வேண்டிய ரவிக்கை. பெரம்பலூர் டைலர் இழுத்தடிச்சு வெள்ளிக்கிழமைதான் குடுத்தான்.

"நான் திங்கக்கிழமை பிள்ளைங்களோட வரேன். நீங்க நாளைக்கே போயி குடுத்துட்டு அங்கயே இருங்க"ன்னா வசந்தா.

அங்கயே இருக்கச் சொன்னதுக்குக் காரணம் ரவிக்கை இல்ல. என்னை வூட்டுல வெச்சுக்கிட்டுச் சமாளிக்க அவளால முடியல.

எண்பதுகளோட தொடக்கம் அது. திருச்சியில ஒரு இயற்கை வாழ்வு முகாமுக்குப் போயிருந்தேன். போறப்போ சாதாரண ஆபீஸ் கிளார்க்கு. வர்றப்போ பாதி முனிவன். அந்தந்தப் பருவத்துக்கு மண்ணு என்ன குடுக்குதோ, அதை அடுப்புல ஏத்தாம அப்படியே தின்னணும். தின்னுட்டு வெறுந்தரையில உக்காந்து கண்ணை மூடி மண்ணுக்கு நன்றி சொல்லணும். முகாம்ல சொன்னாங்க, நான் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.

"வெந்த சோறு செத்த சோறு"ன்னு வூட்டுல பிரசங்கம் பண்ணுவேன்.

"அப்ப அடுப்படியில மூடி வெச்ச செத்த சோத்தை நேத்து யாரு தின்னது?"ன்னு வசந்தா கேப்பா.

நான் கண்ணை மூடிக்குவேன். தியானத்துல அது ஒரு வசதி.

மாமியாரையும் நான் விட்டு வெக்கல. போன தடவை போனப்போ, "அத்தை, முளை கட்டின பயறுதான் அமிர்தம். எனக்குன்னு எதுவும் சமைக்காதீங்க, அது போதும்"னு ரொம்ப நேரம் விளக்கினேன். அவங்க முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டே, "ஆகட்டும் மாப்ள"ன்னாங்க.

சனிக்கிழமை கிளம்பிட்டேன். அரியலூர்ல பஸ் மாறணும். பஸ் ஸ்டாண்டுல பக்கத்துலயே ஒரு ஆள் போண்டா போடறான். எண்ணெய் வாசம் என் சட்டைக்குள்ளயே புகுந்துடுச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. பையிலேர்ந்து வெள்ளரிக்காயை எடுத்துக் கடிச்சேன். பக்கத்துல இருந்த பெரியவர் என்னைப் பாவமா பாத்துட்டு, "உடம்புக்கு முடியலையா தம்பி?"ன்னு கேட்டாரு.

விக்கிரமங்கலம் போய்ச் சேர்றப்போ உச்சி வெயில். ஆடிக் காத்து புழுதியை வாரி அடிக்குது. வூடு திறந்து கெடக்கு, ஒரு ஆள் இல்ல. எல்லாரும் கோயில்ல கூழ் ஊத்தப் போயிட்டாங்க.

வயித்துல ஒரே இரைச்சல். சரி, இருட்டா ஒரு இடம் பாத்துத் தியானத்துல உக்காருவோம், பசி தெரியாதுன்னு நினைச்சேன். உள்ளறைக்குச் சாக்குப்படுதா போட்டிருந்துச்சு. விலக்கிட்டுப் போனேன்.

உள்ள ஒரு மண்சட்டி. சட்டி நிறைய, வெளிர் மஞ்சள்ல, விரல் நீளத்துக்கு முளை. பாசிப்பயறு, தட்டப்பயறு, மொச்சைன்னு எல்லாம் கலந்து தளதளன்னு நிக்குது.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அத்தை மறக்கலையே! மூத்த மாப்ளைக்காக இத்தனை வகை முளை கட்டி வெச்சிருக்காங்களே!

சட்டி பக்கத்துல ஒரு அகல் விளக்கு எரிஞ்சுச்சு. உணவுக்குக் குடுக்கற மரியாதைன்னு நினைச்சேன். சுத்தி வேப்பிலை கெடந்துச்சு. பூச்சி வராம இருக்கன்னு நினைச்சேன். சட்டிக்கு மஞ்சள் குங்குமம் வெச்சிருந்துச்சு. மாப்ளைக்கு வரவேற்புன்னு நினைச்சேன். பசிக்கிறவனுக்கு எல்லாத்துக்கும் பதில் கெடைச்சுடுது.

முளைப்பாரின்னு நான் பாத்ததெல்லாம், ஊர்வலத்துல பொம்பளைங்க தலையில முழ உயரத்துக்குப் பச்சையா ஆடிக்கிட்டுப் போறதுதான். அது சின்ன வயசுல எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? திருவிழா வரைக்கும் ஆம்பளைங்களை அந்தப் பக்கமே அண்ட விடமாட்டாங்க.

கை கையாப் பிடுங்கினேன். கிணத்தடியில அலசினேன். அடுப்படியில இருந்த தேங்கா மூடியைத் துருவிப் போட்டுத் தின்னேன். லேசா ஒரு நெடி அடிச்சுச்சு. இதுதான் மண்வாசனை போலன்னு ரசிச்சு மென்னேன். முக்கா சட்டி காலி.

அப்புறம் கொல்லையில வேப்பமரத்தடியில வெறுந்தரையில உக்காந்து கண்ணை மூடினேன். மண்ணுக்கு நன்றி சொன்னேன். சொல்லிக்கிட்டே தூங்கிட்டேன்.

அலறல் கேட்டு முழிச்சேன்.

ஓடிப் போய்ப் பாத்தா, உள்ளறையில செல்வி தலையில கை வெச்சுக்கிட்டு நிக்கறா. படுதாவை நான் மூடாம வந்திருந்தேன். பக்கத்து வூட்டு மருதாயி அக்காவோட கிடா உள்ள பூந்து, நான் வெச்ச மிச்சத்தையும் முடிச்சுட்டு நிக்குது. வாயில ஒரு முளை தொங்குது.

"ஐயோ, ஆத்தாளுக்குப் போட்ட பயிராச்சே"ன்னு அத்தை மாரடிச்சாங்க. "எம்பொண்ணுக்குக் கல்யாணம் கூடணும்னு விரதம் இருந்து போட்டேனே. ஆட்டெருவைத் தூளாக்கி, வைக்கோல் போட்டு, மஞ்சத்தண்ணி தெளிச்சு..."

ஆட்டெரு. எனக்கு மண்வாசனை என்னன்னு புரிஞ்சுபோச்சு.

அப்பவே சொல்லியிருக்கணும். வாயைத் திறந்தேன். ஏப்பம்தான் வந்துச்சு. மூடிக்கிட்டேன்.

சேதி தெரு முழுக்கப் போயி, பூசாரி வந்து நின்னாரு. பயிர் அழிஞ்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு ஆளாளுக்குப் பேச்சு. பூசாரி கொஞ்சம் யோசிச்சுட்டு, "ஆத்தா பயிரைத் தின்ன வாய் ஆத்தாளுக்கே. கிடாவைக் கோயிலுக்கு ஓட்டியாங்க, உத்தரவு கேப்போம். குடுத்தா செவ்வாக்கிழமை வெட்டிடலாம்"னாரு.

மருதாயி அக்கா அழவே இல்ல. கிடாவோட கழுத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "தாயில்லாக் குட்டி பூசாரி. புட்டிப்பால் குடுத்து வளத்தேன்"ன்னு மட்டும் சொன்னுச்சு. புருஷன் செத்தப்புறம் அந்த வூட்டுல அக்காவுக்குத் துணையா இருந்தது அந்தக் கிடா ஒண்ணுதான். எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு. எரு ஒரு காரணம், இது ஒரு காரணம்.

கோயில் வாசல். கயித்தைப் புடிக்க ஆள் வேணும். "நம்ம வூட்டு மாப்ளயே புடிக்கட்டும்"னாங்க அத்தை. நஷ்டப்பட்ட வூட்டு ஆளுன்னு எனக்கு மரியாதை.

உத்தரவு கேக்கறதுன்னா, மஞ்சத்தண்ணியைக் கிடா மேல ஊத்துவாங்க. அது உடம்பைச் சிலுப்பினா, ஆத்தா ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். சிலுப்பலைன்னா வெட்டக் கூடாது.

பூசாரி ஒரு செம்பு ஊத்தினாரு. கிடா அசையல. அசை போட்டுச்சு.

'சிலுப்பாதே ராசா'ன்னு மனசுக்குள்ள வேண்டினேன். முகாம்ல கத்துக்கிட்ட தியானம் பூராவும் அந்த ஒரு வேண்டுதல்ல இறக்கினேன்.

மறுபடி ஊத்தினாரு. கிடா தலையைத் திருப்பி என்னைப் பாத்துச்சு. அது மட்டும் பேசத் தெரிஞ்ச பிராணியா இருந்திருந்தா, அங்கயே என் கதை முடிஞ்சிருக்கும்.

பூசாரிக்குக் கோவம் வந்துடுச்சு. பக்கத்துல இருந்த குடத்தையே தூக்கிக் கவுத்தாரு. கிடா விவரமானது, சட்டுன்னு ஒதுங்கிடுச்சு. மொத்தத் தண்ணியும் என் கழுத்துல விழுந்து முதுகு வழியா இறங்குச்சு. அதே நேரம் பாத்து ஆடிக் காத்து ஒண்ணு அடிச்சுச்சு.

உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் சிலுப்பினேன்.

கூட்டம் கிடாவை விட்டுட்டு என்னைப் பாத்துச்சு.

மருதாயி அக்காதான் முதல்ல பேசுச்சு. "உத்தரவு ஆயிடுச்சு பாருங்க பூசாரி."

"இது மாப்ளைம்மா."

"யாரைக் கேக்கறோம்னு ஆத்தாளுக்குத் தெரியாதா?"

அக்கா விளையாட்டுக்குத்தான் சொன்னுச்சு. நான் கயித்தைக் கீழ போட்டுட்டேன். "அத்தை, கிடா மிச்சத்தைத்தான் தின்னுச்சு"ன்னு உளறிட்டேன்.

"மிச்சம்னா? அப்ப முதல்ல தின்னது?"ன்னாங்க அத்தை.

நான் தேங்காய்த் துருவல் வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். செல்வி கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "எருவோடயா மாமா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான், பொம்பளைங்க கூட்டத்துல ஆரம்பிச்ச சிரிப்பு மேளக்காரங்க வரைக்கும் போயிடுச்சு. அத்தை மட்டும் சிரிக்கல.

பூசாரி தாடையைச் சொறிஞ்சாரு. "தின்ன வாய் ஆத்தாளுக்குன்னு சொன்னது நான்தான். மாப்ளையை வெட்டவும் முடியாது, சும்மா விடவும் முடியாது. திருவிழா முடியற வரைக்கும் கோயில் அடுப்புல கூழ் காச்சட்டும்."

அடுப்புல எதையும் ஏத்தக் கூடாதுன்னு பிரசங்கம் பண்ணினவன், அண்டா முன்னாடி நின்னு கேப்பைக்கூழ் கிண்டினேன். பொகையில கண்ணு எரிய எரிய கிண்டினேன். அந்தக் கூழை மோர் ஊத்தி, சின்ன வெங்காயம் கடிச்சுக் குடிச்சப்போ, செத்த சோறுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ரெண்டாவது தடவையும் வாங்கிக் குடிச்சேன்.

தெருவுல முளை போட்டிருந்த வூட்டுக்காரங்க எல்லாம் ஆளுக்கு ஒரு பிடி மண்ணோட பேத்துக் குடுத்தாங்க. செவ்வாய்க்கிழமை செல்வி எடுத்த சட்டியில ஒரு பக்கம் நெட்டை, ஒரு பக்கம் குட்டை. அதைத் தலையில வெச்சுக்கிட்டு புது ரவிக்கையில அவ சிரிச்சுக்கிட்டே போனதைப் பாத்து எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு. அடுத்த தையில கல்யாணமும் கூடி வந்துச்சு.

வசந்தா திங்கக்கிழமையே வந்து, கரண்டியும் கையுமா நிக்கற என்னைப் பாத்தா. கூழ் மட்டும் வாங்கிக்கிட்டுப் போனா.

ஊர்வலம் முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் மருதாயி அக்கா கிடாவோட அண்டா பக்கம் வந்துச்சு. இடுப்புல ரெண்டு கட்டு அகத்திக்கீரை. ஒண்ணைக் கிடா முன்னாடி போட்டுட்டு, இன்னொண்ணை என்கிட்ட நீட்டி, "இதுக்குப் பறிக்கப் போனேன். உங்க ஞாபகமும் வந்துச்சு மாப்ள"ன்னுச்சு.

வாங்கிக்கிட்டேன். வேக வெச்சுத்தான் தின்னேன்.